அம்மாவுக்கு ரோபோ வாங்கித் தரவா என்று அண்ணன் கேட்கிறார்

குடந்தைக்காரி · சனி, காலை 6:10

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 77 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. ஆனால் போன தீபாவளிக்கு அப்புறம் ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் "வீட்டுக்குப் போகணும், கூட்டிண்டு போ" என்று ஆரம்பித்துவிடுவார். இருப்பதே அவர் கல்யாணமாகி வந்த வீடுதான். பகலில் உதவிக்கு ஒரு அக்கா வருகிறார். இரவு முழுக்க நான்தான்.

அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். பாரோ என்று ஒரு சீல் (கடல்நாய்) குட்டி ரோபோவை ஏதோ காணொளியில் பார்த்திருக்கிறார். விலை ஏறத்தாழ 6,000 டாலராம், நம் பணத்தில் 5 லட்சம். "அம்மாவுக்குத் துணையாக இருக்கும், பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே" என்கிறார். அவர் மனசு எனக்குப் புரிகிறது. நேரில் வர முடியாதவர் எதையாவது அனுப்பிவிடத் துடிக்கிறார்.

இதனால் நிஜமாகவே பயன் உண்டா? அடுத்த வாரம் அவருக்குப் பதில் சொல்லவேண்டும். பதில் எழுத நேரமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் அம்மாவைக் கமோடு நாற்காலியிலிருந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அதிக நேரம் உட்கார முடியவில்லை.

வடக்குவீதி · சனி, காலை 7:02

மனசில் பட்டதைச் சொல்கிறேன் சகோதரி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஞாபகம் தளர்ந்த ஒருவர் கையில் பொம்மையைக் கொடுத்து, அதைக் கண் சிமிட்டவும் குரல் கொடுக்கவும் வைத்து, உயிருள்ளது என்று நம்பவைப்பது சரியா? என் அப்பா கடைசிக் காலத்தில் எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் இருந்தார். ஆனாலும் யாராவது அவரிடம் பாசாங்கு செய்தால் உடனே தெரிந்துவிடும், முகம் சுருங்கிவிடும்.

அந்த 5 லட்சத்துக்கு இரவுக்கு ஒரு ஆள் போட்டால் இரண்டு வருடம் ஓடும்.

கருவிப்பெட்டி · சனி, காலை 9:40

மருத்துவக் கருவி வடிவமைப்பில் இருக்கிறேன். பாரோவைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜப்பானின் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் தகனோரி ஷிபதா என்ற பொறியாளர் 1993இல் ஆரம்பித்த வேலை அது. எடை 2.7 கிலோ, ஏறக்குறைய பிறந்த குழந்தை கனம். தொடுதல், ஒளி, ஒலி, வெப்பம், எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பது எல்லாம் அதற்குத் தெரியும். தடவினால் தலையைத் திருப்பும், பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பெயருக்குத் திரும்பப் பழகும். சார்ஜ் போடுவதற்கு, குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் நிப்பிள் மாதிரி ஒன்றை அதன் வாயில் வைக்கவேண்டும்.

ஏன் சீல் குட்டி என்றால், நாய் பூனை எல்லோருக்கும் பழக்கம். ரோபோ பூனையைத் தொட்டதுமே "இது பூனை மாதிரி இல்லை" என்று கை சொல்லிவிடும். சீலை யாரும் மடியில் வைத்துக்கொண்டதில்லை, ஒப்பிட ஒன்றுமில்லை. இது நன்றாக யோசித்துச் செய்த முடிவு.

அமெரிக்காவில் 2009இல் மருத்துவக் கருவியாகவே அனுமதி வாங்கிவிட்டது. மறதி நோயில் வரும் பதற்றத்துக்குச் சிலரிடம் பலன் தெரிகிறது, எல்லோரிடமும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்: அது பேசாது. பேச்சுத்துணை என்று நினைத்து வாங்கவேண்டாம்.

சைதாமா_மல்லி · சனி, மதியம் 1:25

குடந்தைக்காரி அக்கா, வணக்கம். நான் ஜப்பானில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். நர்சிங் முடித்துவிட்டு, 2021இல் இந்தியாவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்த விசாவில் வந்தவள். ஜப்பான் மொழித் தேர்வு, பராமரிப்புத் தேர்வு இரண்டும் எழுதித்தான் வந்தேன். இந்த வேலைக்கு இங்கே கைகோ என்று பெயர்.

எங்கள் இல்லத்தில் பாரோ இருக்கிறது, நானே கையாண்டிருக்கிறேன். 91 வயதுப் பாட்டி ஒருவர், சாயங்காலம் ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். உங்கள் அம்மா மாதிரியேதான். ஒருநாள் பாரோவை மடியில் வைத்தோம். கழுத்தில் இருந்த துண்டை எடுத்து அதைப் போர்த்திவிட்டு, முதுகில் தட்டித் தட்டி ஏதோ தாலாட்டு மாதிரி முணுமுணுத்தார். முக்கால் மணி நேரம். பை கீழே கிடந்தது, அவர் அதைத் தேடவே இல்லை.

வடக்குவீதி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பாட்டிகளில் பலருக்கு அது பொம்மை என்று தெரியும். "பேட்டரி போட்டீர்களா" என்று கேட்டுவிட்டுத் தடவுகிறார்கள். எதையாவது பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் கையால் பார்த்துக்கொள்ளப்படுகிறவர்கள் அவர்கள்.

ஆனால் அக்கா, பாரோவை மடியில் வைத்துவிட்டு நாங்கள் வேறு வேலைக்குப் போக முடியாது. ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன சொல்லுது பாருங்க" என்று பேச்சை எடுத்துக்கொடுக்கவேண்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள். பிரிட்டனைச் சேர்ந்த மானுடவியலாளர் ஒருவர் ஜப்பான் இல்லம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி இதையெல்லாம் கவனித்து 2023இல் எழுதினார். அங்கே ஒருவர் பாரோ இல்லாமல் சாப்பிடமாட்டேன், தூங்கமாட்டேன் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாராம். இன்னொருவர் அதன் தோலை உரிக்கப் பார்த்தாராம். ரோபோ வந்ததால் ஊழியர் வேலை குறையவில்லை, கூடியது என்றே எழுதியிருந்தார். என் அனுபவமும் அதுதான்.

இப்போது நான் கேட்க வந்தது வேறு. உங்கள் பதிவில் கடைசி வரியாக இடுப்பு வலியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அதுதான் எனக்கு முதல் வரியாகத் தெரிந்தது. அம்மா எடை எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறீர்கள்? எப்படித் தூக்குகிறீர்கள்?

குடந்தைக்காரி · சனி, இரவு 10:50

மல்லி, உன் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை. அம்மா 68 கிலோ. நான் 54. கட்டில், கமோடு, சாய்வு நாற்காலி என்று ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது ஆகும், ராத்திரி இரண்டு. அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குவேன். நான் விழுந்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. வெளியே சொன்னதில்லை.

தூக்குவதற்கே ரோபோ இல்லையா? கரடி முகத்தோடு ஒன்று ஆளைத் தூக்குவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.

பிசியோ_மதுரை · சனி, இரவு 11:15

அம்மா, இதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். பக்கவாதம் வந்த பக்கத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, அந்தக் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை வேலை செய்யாததால் மூட்டு இறங்கிவிடும். அப்புறம் வருடக்கணக்கில் வலி. மீதியை நாளை எழுதுகிறேன்.

கருவிப்பெட்டி · ஞாயிறு, காலை 8:20

அந்தக் கரடியின் பெயர் ரோபேர். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015இல் காட்டியது. அதற்கு முன்னால் 2009இல் ரீபா என்று ஒன்று, 61 கிலோ வரை தூக்கியது. 2011இல் அடுத்தது, 80 கிலோ தூக்கியது. படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஆனால் எதுவுமே வீட்டுக்கு வரவில்லை, கடைக்கும் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். ஆளைத் தூக்குவது அரிசி மூட்டையைத் தூக்குவது மாதிரி இல்லை. உடம்பு நெளியும், பயந்தால் விறைக்கும், நடுவில் இருமும், எடை ஒரு பக்கம் சாயும். அத்தனைக்கும் கவிழாமல் நிற்க இயந்திரத்துக்குக் கனம் வேண்டும். ரோபேர் எடையைக் குறைத்துச் செய்ததே 140 கிலோ. உங்கள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருமா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் திரும்புமா? பிடி ஒரு நொடி நழுவினால் இடுப்பெலும்பு போய்விடும். எனக்கு அந்த முயற்சி மேல் நிறைய மரியாதை உண்டு. ஆனால் இன்றைக்கு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடிய பொருள் அது இல்லை.

சைதாமா_மல்லி · ஞாயிறு, மாலை 4:05

இங்கே 2013இல் அரசாங்கமே வழிகாட்டுதலில் எழுதிவிட்டது: நோயாளியை ஆள் கையால் தூக்குவதைக் கூடுமானவரை தவிர்க்கவேண்டும் என்று. இடுப்பு போய்த்தான் பலர் இந்த வேலையை விடுகிறார்கள். 2040இல் 27 லட்சம் பராமரிப்பாளர் தேவை, 2022இல் இருந்ததைவிட 5.7 லட்சம் பேர் கூடுதலாக வேண்டும் என்று அமைச்சகமே கணக்குச் சொல்கிறது. ஆள் இல்லாத நாட்டில் இருக்கிறவர் இடுப்பு அவ்வளவு முக்கியம்.

எங்கள் இல்லத்திலும் தூக்கும் ரோபோ ஒன்று வந்தது. நன்றாகத்தான் தூக்கும். ஆனால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சரியான இடத்தில் நிறுத்தி, மாட்டி, அவிழ்த்து... காலை ஏழு மணிக்கு எல்லோரும் கழிப்பறைக்குக் காத்திருக்கும்போது அதற்கு நேரம் இல்லை. இப்போது மாடிப்படிக்குக் கீழே உறை போட்டு நிற்கிறது.

நாங்கள் தினமும் தொடுவது இரண்டு பொருள். ஒன்று, வழுக்குத் துணி. நைலான் மாதிரி, குழாய் போலத் தைத்தது. ஆளுக்கு அடியில் நுழைத்தால் 68 கிலோவும் ஒரு கையால் நகரும். உங்களுக்கு அது கிடைக்கும்வரை ஒரு வழி சொல்கிறேன், இங்கே வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் செய்வது. பெரிய குப்பைப் பிளாஸ்டிக் பை, தடியானது, புதுசு ஒன்று எடுங்கள். அம்மாவை ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளிலிருந்து இடுப்பு வரை பையை அடியில் விரியுங்கள். மறுபடி மல்லாக்கப் படுக்கவையுங்கள். இப்போது பையின் இரண்டு அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். உங்கள் முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தூக்காமல், உங்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள். தலையணைப் பக்கம் ஏற்ற, சுவரோரம் தள்ள, எல்லாவற்றுக்கும் இது போதும். வேலை முடிந்ததும் பையை உருவிவிடவேண்டும். அப்படியே விட்டால் வேர்த்துப் புண் வரும், கட்டில் ஓரத்தில் இருந்தால் வழுக்கிக் கீழே விழவும் கூடும்.

இரண்டாவது, மெத்தைக்கு அடியில் போடும் உணர்வுப் பாய். நெமுரி ஸ்கேன் என்று பெயர். படுத்திருப்பவர் உடம்பில் எதையும் ஒட்டவேண்டாம். மூச்சு, நாடித்துடிப்பு, தூங்குகிறாரா, எழுந்து உட்கார்ந்துவிட்டாரா என்று அலுவலகத் திரையில் தெரியும். இரவுப் பணியில் 20 பேருக்கு நான் ஒருத்தி. முன்பெல்லாம் மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பார்களாம், தூங்குகிறவரும் விழித்துவிடுவார். இப்போது யார் எழுந்து உட்கார்கிறாரோ அவர் கால் தரையில் படுவதற்குள் போய் நின்றுவிடுவேன். அதற்கு முகமும் இல்லை, பேரும் கூப்பிடமுடியாது, யாரும் காணொளி எடுப்பதில்லை. எனக்கு எங்கள் இல்லத்திலேயே ரொம்பப் பிடித்த பொருள் அதுதான்.

பிசியோ_மதுரை · ஞாயிறு, இரவு 9:30

மல்லி சொன்ன பை நல்ல வழி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடது பக்கம் பலம். அதனால் நாற்காலியை எப்போதும் இடது பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சாய்வாக வையுங்கள். உயரம் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும், தேவைப்பட்டால் கட்டில் காலுக்குக் கட்டை கொடுங்கள். பாதம் தரையில் முழுக்கப் பதியவேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட், கைப்பிடி வைத்தது, மருத்துவ உபகரணக் கடையில் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முழங்காலால் அவரது வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கு முழங்காலைத் தாண்டியதும் பின்பக்கம் தானாக எழும். நீங்கள் திருப்பினால் போதும்.

அம்மாவுக்கு அந்த அளவுக்கும் பலம் இல்லாத நாளில் ஹைட்ராலிக் லிஃப்ட். துணித்தொட்டிலில் வைத்துப் பம்பு அடித்துத் தூக்குவது. மின்சாரமே வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் டேப் வைத்துக் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிடுங்கள். லிஃப்ட்டின் கால் கட்டிலுக்கு அடியில் போகவேண்டும். நம் வீடுகளில் அடியில் பெட்டி வைத்த கட்டில்தான் அதிகம், அதற்கு நுழையாது. வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? 2021இலிருந்து நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேறு உதவிக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

தேக்கா_மகள் · திங்கள், காலை 7:45

சிங்கப்பூரிலிருந்து. பேச்சுத்துணை என்றதும் எழுதத் தோன்றியது. கொரியாவில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு உள்ளாட்சிகளே ஹியோடோல் என்ற துணிப்பொம்மையைக் கொடுக்கின்றன. ஏழு வயசுப் பேரக்குழந்தை மாதிரி இருக்கும். தலையைத் தடவினால் பேசும், மாத்திரை நேரத்தைச் சொல்லும், ரொம்ப நேரம் அசைவே இல்லையென்றால் பொறுப்பாளருக்குத் தகவல் போகும். நியூயார்க் மாநிலமும் 2022இல் எலிக்யூ என்ற பேசும் கருவியை 800க்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுத்தது.

அதெல்லாம் அவரவர் மொழியில் பேசுகிறது. நாங்கள் அம்மாவுக்கு ஒரு பேசும் ஸ்பீக்கர் வாங்கினோம். அம்மா பாதித் தமிழ், பாதி மலாய், நடுவில் பல் இல்லாத உச்சரிப்பு. அது ஒவ்வொரு தடவையும் "புரியவில்லை" என்றது. நான்காம் நாள் அம்மா, "நான் பேசுறது யாருக்கும் விளங்கலையா" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நம் பாட்டிமார் பேசும் தமிழைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு கருவியை யாராவது செய்யவேண்டும். பேசுவதைவிட, கேட்கத் தெரிந்த கருவி.

நெல்லைப்பெரியவர் · திங்கள், முற்பகல் 11:10

எனக்கு 81 வயது. இங்கே எல்லோரும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். பார்த்துக்கொள்ளப்படுகிறவன் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

மனைவி தவறிய பிறகு மகன் வீட்டில் மூன்று கேமரா வைத்தான். அவனுக்குப் பயம், நான் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று. கூடத்தில் வைத்ததற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கையறையில் வைத்ததும் வேட்டி மாற்ற நான் குளியலறைக்குள் போக ஆரம்பித்தேன். ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று வேட்டி கட்டுவேன். விழக்கூடாது என்று வைத்த கேமராவால்தான் விழ இருந்தேன். மகனிடம் சொன்னேன், அவன் அழுதுவிட்டான். இப்போது படுக்கையறையில் கேமரா இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு, கால் தரையில் பட்டால் தானாக எரியும். ராத்திரி கழிப்பறை வரைக்கும் வெளிச்சம். விலை 400 ரூபாய்கூட இல்லை. கையில் ஒரு கடிகாரம், விழுந்து அசையாமல் கிடந்தால் மகனுக்குச் செய்தி போகும். அது போதும் எனக்கு.

மகளே, இன்னொன்று. உன் அம்மாவுக்குக் காது எப்படி இருக்கிறது? எனக்குக் காது மந்தமானபோது வீட்டில் எல்லோரும் ஞாபகம் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். கேட்காத கேள்விக்கு என்ன பதில் சொல்வேன்? செவிக் கருவி வந்த பிறகு பாதி மறதி போய்விட்டது.

வடக்குவீதி · திங்கள், மதியம் 12:30

ஐயா, உங்கள் பதிவை என் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். அவனும் அத்தை அறையில் கேமரா வைத்திருக்கிறான்.

சைதாமா தங்கைக்கு: துண்டைப் போர்த்திய பாட்டியைப் பற்றி நேற்று முழுக்க யோசித்தேன். நான் சொன்னதை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா கையில் கடைசி மாதங்களில் எப்போதும் ஒரு பழைய சாவிக்கொத்து இருக்கும். எந்தப் பூட்டுக்கும் சேராது. அதை நாங்கள் யாரும் பொய் என்று பிடுங்கவில்லை.

கருவிப்பெட்டி · திங்கள், மாலை 6:00

காது கேட்காமல் போவதற்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020, 2024 இரண்டு அறிக்கைகளிலும் முக்கியமாகச் சொல்லியிருக்கிறது. ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள்.

இன்னொரு தகவல், அம்மா வெளியே நடக்கிறவராக இருந்தால் பயன்படும். சைதாமா மாநிலத்தில் இருமா என்ற நகரம் 2016இல் மறதி நோய் உள்ளவர்களின் நகத்தில் ஒட்ட க்யூஆர் வில்லை கொடுத்தது. வழி தவறி நிற்பவரைப் பார்க்கிறவர் அதைச் செல்லில் ஸ்கேன் செய்தால் யாரைத் தொடர்புகொள்வது என்று தெரியும். கழற்றிப் போட வழியில்லை, நனைந்தாலும் போகாது. ஜப்பானில் 2023இல் மட்டும் மறதி நோயோடு காணாமல் போனதாகப் புகார் வந்தவர்கள் 19 ஆயிரம் பேர்.

குடந்தைக்காரி · நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:15

எல்லோருக்கும் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

இந்த இழையை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வீடியோவில் கூப்பிட்டு, "உனக்கு இடுப்பு வலி என்று நீ என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம் என்னை டேப் எடுத்துவரச் சொல்லி, கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் காட்டி, அவரே அளவு பார்த்துக் குறித்துக்கொண்டார். எங்கள் கட்டிலும் பெட்டிக் கட்டில்தான். அதை மாற்றி உயரம் கூட்டிக் குறைக்கும் கட்டில் வாங்கினோம். ஹைட்ராலிக் லிஃப்ட் வந்துவிட்டது. இரவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு அம்மா வருகிறார். இவ்வளவும் சேர்ந்து 5 லட்சத்தில் பாதிகூட இதுவரை ஆகவில்லை.

மல்லி, அந்தப் பிளாஸ்டிக் பை. முதல் தடவை இழுத்தபோது அம்மா இவ்வளவு லேசா என்று பயந்தே போய்விட்டேன்.

பெரியவர் ஐயா, அம்மாவுக்கு இரண்டு காதிலும் அழுக்கு அடைத்துக் கிடந்தது. டாக்டர் எடுத்துவிட்டார். இடது காதுக்குக் கருவி சொல்லியிருக்கிறார். ஞாபகம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் குக்கர் விசில் அடித்தால் எண்ணுகிறார்.

சாயங்காலம் இன்னும் "வீட்டுக்குப் போகணும்" இருக்கிறது. அண்ணன் இப்போது தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறார், அவருக்கு அது காலை. செல்லை ஸ்டாண்டில் வைத்துவிடுவேன். 1968 மகாமகத்துக்கு அம்மா பாட்டியோடு குளத்தில் இறங்கிய கதையை அவர் எடுத்துக்கொடுப்பார், அம்மா சொல்லுவார். தினமும் அதே கதைதான். நேற்று அம்மா கதைக்கு நடுவில் நிறுத்தி, "நீ சாப்பிட்டியாடா" என்று கேட்டார். அண்ணனால் உடனே பேசமுடியவில்லை.

பாரோ இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என் மகள் பழைய பெட்டியிலிருந்து ஒரு துணிக்கரடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்தால் இடது கையாலேயே அரைமணி நேரம் உரிக்கிறார்.

பிசியோ ஐயாவுக்கு ஒரு கேள்வி. லிஃப்ட்டோடு வந்த துணித்தொட்டில் ஒன்றுதான். துவைத்தால் காய ஒரு நாள் ஆகிறது, மழை வேறு ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தொட்டில் தனியாகக் கிடைக்குமா? தலைக்கும் தாங்கல் உள்ளதாக வாங்கவா, இதே மாதிரி போதுமா?

பிசியோ_மதுரை · ஞாயிறு, இரவு 10:02

தனியாகக் கிடைக்கும். அம்மாவால் உட்கார்ந்த நிலையில் தலையைத் தானாக நிறுத்த முடிகிறது என்றால் இதே மாதிரியே போதும். நடுவில் திறப்பு உள்ளதாக, வலைத்துணியில் கேளுங்கள். கமோடில் உட்காரவைக்கும்போது கழற்றவேண்டாம், இரண்டு மணி நேரத்தில் காய்ந்தும்விடும். கொக்கி உங்கள் லிஃப்ட்டுக்குச் சேருமா என்று படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.